தாபித்தா போய்ச் சேராத ஊர்

பின்னறைச் சுவருக்குள் ஏதோ பிறாண்டிக்கொண்டிருந்தது. எலி என்றால் யார் பேசினாலும் அடங்கும். இது டெரெக்கின் குரலுக்கு மட்டும் அடங்கியது. அவன் அடுப்படியில் இருமினால்கூட நின்றது. மார்ஜரி சுவரில் வாய்வைத்துப் பேசியபோதோ, இன்னும் வேகமாகப் பிறாண்டியது.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் இருந்த அந்தப் பூர்வீகப் பண்ணைவீட்டை விற்றுவிடும் அவசரம் தம்பி டெரெக்குக்கு. மார்ஜரி வந்ததோ தாபித்தா ஹெப்வர்த்தைத் தேடி. விக்டோரியா மகாராணி காலத்தில், கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கத்தி சாணைபிடிக்க வந்தவனோடு ஓடிப்போனவள் என்று தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் காறித் துப்பிய மூதாதை. அவள் கணவன் ஈனாக்குக்கு, அவன் பிரசங்கம் செய்த ஜெபக்கூடத்தில் இன்றும் பெயர் பொறித்த கல் உண்டு. எதிர்த்துப் பேசும் பெண்களுக்கு அந்தக் குடும்பத்தில் ஒரே வசவு: தாபித்தா ரத்தம். கைநீட்டிய கணவனை விட்டு மார்ஜரி வந்தபோது, பெற்ற தாயே அவளை அப்படித்தான் சொன்னாள்.

அந்த ஆத்திரத்தில்தான் கோடை முழுக்க அலைந்தாள். கல்லறைத் தோட்டங்கள், துறைமுக ஊர்கள், ஏழைவிடுதிகள். தாபித்தா எங்கேயும் போய்ச் சேரவில்லை. எந்த ஊரிலும் வாழவில்லை, எந்த மண்ணிலும் புதைபடவில்லை. இன்று மழையில் வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் கவனித்தாள்: வெளியே, கல் வைத்து அடைத்த ஒரு ஜன்னல். உள்ளே அதற்கு அறையே இல்லை.

“டெரெக், இங்க வா. இந்தச் சுவருக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு.”

தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான். பிறாண்டல் நின்றது.

“ஆரம்பிச்சுட்டியா? ஓடுகாலிக்கு வக்காலத்து?”

“எங்கடா ஓடினா? எந்த ஊருக்கு? சொல்லு!”

“தாத்தா சொன்னாரு, அப்பா சொன்னாரு. குடும்பமே சேர்ந்து பொய் சொல்லுமா?”

“சொல்லும். என் புருஷன் என்மேல கைநீட்டினதேயில்லைன்னு கோர்ட்டுல நீ சொல்லலை?”

டெரெக் சிரித்தான். “அவ ரத்தம் உனக்கு நல்லாவே ஊறியிருக்கு.”

மார்ஜரி கடப்பாரையை எடுத்தாள். முதல் அடியில் காரை பெயர்ந்து கொட்டியது; அடுத்தடுத்த அடிகளில் செங்கற்கள் காலடியில் சரிந்தன. ஒரு தோள் நுழையும் அளவு ஓட்டை விழுந்ததும், உள்ளிருந்து குளிர் வந்து முகத்தில் அறைந்தது. நாட்கணக்கில் எண்ணெயும் நீரும் காணாத கூந்தலின் நெடி, அதற்கும் அடியில் புளித்துப்போன தாய்ப்பாலின் நெடி.

“வீட்டையே நாசமாக்கிட்டியேடி, பைத்தியமே!” டெரெக் அவளைத் தள்ளிவிட்டு, செல்போன் வெளிச்சத்தோடு தலையை உள்ளே விட்டான். “பார், ஒண்ணுமே இல்ல. வெறும்…”

வெளிச்சம் அணைந்தது.

அவன் தோள் உள்ளே போனது. மெதுவாக. யாரோ இழுத்தது போல.

“மார்ஜரி! பிடி! யாரோ என்னை…”

அவன் இடுப்பு வாரை இரு கையாலும் பற்றினாள். அப்போது கேட்டது. பெண் குரல். தொண்டை வறண்டு, பேசியே வெகுகாலமான குரல்.

“வந்துட்டியா, ஈனாக்?”

இது ஈனாக் இல்லை. அதைச் சொன்னால் போதும். மார்ஜரி வாயைத் திறந்தாள்.

சாட்சிக் கூண்டு கண்ணில் வந்தது. அங்கே நின்று, அவளை நேராகப் பார்த்தபடி பொய் சொன்ன தம்பி.

வாயை மூடினாள்.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

இடுப்பு. முழங்கால். கடைசியாகப் பூட்ஸ். அலறல் எழுந்தது. பாதியில் அறுந்தது.

பிறகு இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. எலும்புவரை தேய்ந்த விரல்நுனிகள். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது. காத்திருந்தது.

மார்ஜரிக்குப் புரிந்தது. குனிந்து, காலடியில் கிடந்த செங்கற்களில் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

கை அதை வாங்கி, ஓட்டையின் கீழ்விளிம்பில் நேராகப் பதித்தது. மறுபடி நீண்டது.