பதினொன்றாம் எண் மீட்டர்

மத்தியானம் சாப்பிட்டது செரிப்பதற்குள் இருட்டிவிடுகிற டிசம்பர் அது. இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைச்சரிவில், ரேவன்டேல் கேரவன் பூங்காவின் வாசலில் எங்கள் கார் நின்றது. பின்னால் கட்டி இழுத்து வந்த கேரவன், எங்கள் சக்கர வீடு, ஒரு முறை குலுங்கி நின்றது. பனி மெல்லத் தூவ ஆரம்பித்திருந்தது.

எங்களை வரவேற்றவர் வார்டன் மிஸ்டர் ஃபெர்னிஹோ. மார்பில் பித்தளைப் பட்டை, கழுத்தில் விசில். அவர் காவல் காப்பது ஒரு புல்வெளியையும் இரண்டு கழிப்பறைகளையும். நிற்கிற தோரணைக்கு ஒரு கடற்படையே பின்னால் வரும் போலிருந்தது.

“குளிர்காலத்துல கரன்ட் வாடகையில சேராது சார். மீட்டர்தான். கிளம்பறப்போ நானே வந்து பார்ப்பேன். எவ்வளவு ஓடியிருக்கோ, அவ்வளவு.”

“ஓடாது” என்றார் என் கணவர் ட்ரெவர்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் அவர் அத்தனை தூரம் கேரவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ட்ரெவர் எங்கள் வட்டாரக் கேரவன் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் நாங்கள். போன கூட்டத்தில் எழுந்து நின்று, வாடகையும் வாங்கிக்கொண்டு மின்சாரத்துக்குத் தனியாகவும் வாங்குவது சுதந்திர மனிதனுக்கு அவமானம் என்றும், இந்தக் குளிர்காலம் முழுவதும் மீட்டருக்கு ஒரு பென்னிகூடத் தரப்போவதில்லை என்றும் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கூட்ட அறையில் ஹீட்டர் போடவில்லை, கை விறைத்திருந்தது.

முழங்கியவர் அக்டோபரில் நிமோனியாவில் படுத்து எழுந்தவர். “நெஞ்சுல மறுபடி குளிர் ஏறினா தாங்கமாட்டார்” என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை ட்ரெவரிடம் சொன்னேன். டாக்டருக்குக் கேரவன் பற்றி ஒன்றும் தெரியாது என்றார்.

எங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் எண். பக்கத்தில் பதினொன்று காலியாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்பெட்டி. அதில் இரண்டு சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு மீட்டர். பன்னிரண்டின் மீட்டரில் ஏதோ எண்கள். பதினொன்றில் எல்லாமே சைபர்.

“அது புதுசா?” என்று கேட்டேன்.

“ரொம்பப் பழசு மேடம்.” வார்டன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “பதினொண்ண நாங்க யாருக்கும் விடறதில்ல.”

அவசரமாகக் கேட்டைப் பூட்டிவிட்டுக் கிராமத்துக்கு இறங்கிப் போனார். குளிர்காலத்தில் கடற்படைத் தளபதி இரவு தங்குவதில்லையாம்.

ட்ரெவர் ரசமட்டம் வைத்து, கேரவன் ஒரு மயிரிழைகூடச் சாயாமல் நிற்கிறதா என்று நான்கு மூலையிலும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்து, ராஜா போல உட்கார்ந்தார்.

“பார்த்தியா? கேஸ். மீட்டரும் கிடையாது, மண்ணும் கிடையாது.”

வெளியே வெளிச்சம் போயிற்று. கேரவனின் தகரக் கூரையில் பனி விழுகிற சத்தம், யாரோ விரல் நுனியால் தடவுவது போலிருந்தது. ஹீட்டரின் சுடர் முதலில் நீலமாக நின்றது. பிறகு மஞ்சளானது. பிறகு குட்டையானது.

பிறகு அணைந்தது.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய், முன்பக்கத்து சிலிண்டர் பெட்டியைத் திறந்தேன். நீல சிலிண்டர்.

கேரவனில் ஒரு வாரம் இருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்: நீல சிலிண்டர் கோடைக்கு, சிவப்பு குளிர்காலத்துக்கு. உறைபனி விழுந்தால் நீலத்துக்குள் இருக்கும் கேஸ் மேலே எழும்பாது. சிலிண்டர் நிறைய இருக்கும், அடுப்புக்கு ஒரு மூச்சும் வராது.

“கோடையில மிச்சமானது” என்றார் சங்கத் தலைவர். “பாதிக்கு மேல இருந்துச்சு. வீணாக்கச் சொல்றியா?”

“சரி, கேபிளை எடு. மின்சார ஹீட்டரப் போடலாம்.”

“முடியாது.”

“அப்போ காருக்குள்ளயாவது வந்து உட்காரு. எஞ்சினைப் போடறேன்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “பெட்ரோல் முள் அடியில கிடக்கு. திரும்பற வழியில சல்லிசா ஒரு பங்க் இருக்கு.”

கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

மெல்ல. மூன்று தடவை.

பதினொன்றாம் எண் இருந்த பக்கத்திலிருந்து.

வெளியே ஒரு வயதான ஆள். மெல்லிய மழைக்கோட்டு, குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி. நனைந்த கம்பளியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை. எங்கள் இருவர் வாயிலிருந்தும் புகை போல மூச்சு வந்துகொண்டிருந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை.

“கேபிள் போடலையே நீங்க?” என்று தணிந்த குரலில் கேட்டார். “பார்த்தேன். சந்தோஷமா இருந்துச்சு. வில்ஃப் ஹிபர்ட். பக்கத்து இடம்.”

ட்ரெவரின் முகம் மலர்ந்தது. சங்கத்தின் பத்தாவது உறுப்பினர் கிடைத்துவிட்டார். “உள்ள வாங்க சார், வாங்க. க்ளெண்டா, டீ போடு.”

“எதுல?” என்றேன்.

ஹிபர்ட் உட்கார்ந்தார். பெஞ்சின் மெத்தை அமுங்கவில்லை.

“மீட்டர் வெச்சப்பவே சொல்லிட்டேன். என் இடத்து சாக்கெட்டைத் தொடமாட்டேன்னு. செத்தாலும் தொடமாட்டேன்னு. இன்னிவரைக்கும் தொட்டதில்ல.” அவர் குரலில் பெருமை வழிந்தது. “என் மீட்டரைப் பார்த்தீங்களா? அத்தனையும் சைபர்.”

“மனுஷன்னா இப்படி இருக்கணும்!” என்றார் ட்ரெவர். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

“கொஞ்ச நேரந்தான் குளிரும் தம்பி. பொறுத்துக்கோங்க. அப்புறம் கதகதப்பா ஆயிடும்.”

ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனிப்பூக்கள் படர ஆரம்பித்தன. அவர் தோளிலிருந்து கிளம்பி, ட்ரெவர் பக்கமாக நகர்ந்தன.

ட்ரெவரின் பல் அடிப்பது நின்றது.

“ஆமா” என்றார் குழறிக்கொண்டு. “இப்போ பரவால்ல. சூடா இருக்கு க்ளெண்டா.”

கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

அடுத்த பொத்தானையும்.

எங்கள் சங்கத்தில் குளிர்காலத்தில் கேரவன் இழுக்கும் எல்லோருக்கும் இந்தப் பாடம் தெரியும். குளிரில் சாகப்போகிறவனுக்குத்தான் கடைசியில் புழுங்கும். ட்ரெவரே அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார்.

கேபிளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஒரு முனையைக் கேரவனில் மாட்டி, மறுமுனையைப் பன்னிரண்டாம் சாக்கெட்டில் சொருகினேன். உள்ளே வந்து ஹீட்டரைப் போட்டேன். கம்பிகள் சிவந்தன. பெஞ்சில் ஹிபர்ட் இல்லை.

கம்பிகள் கறுத்தன.

மறுபடி வெளியே போனேன். பிளக் சாக்கெட்டில் இல்லை. கேபிள் பனியின் மேல் எட்டு வடிவத்தில் மடித்து, பூப்போல வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் இருந்த காலடித் தடம் என்னுடையது மட்டும்.

திரும்பச் சொருகினேன். ஹீட்டர் சிவந்தது, கறுத்தது. கேபிள் மறுபடி எட்டு.

மூன்றாம் முறை நான் உள்ளே போகவில்லை. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியருகே நின்றேன். அவர் எதிர்ப்பக்கம் நின்றார். டார்ச் வெளிச்சம் அவர் மேல் படாமல், அவருக்குப் பின்னால் இருந்த பனியில் விழுந்தது.

“அவரை விட்டுடும்மா” என்று கிசுகிசுத்தார். “கொள்கைக்காரர். இன்னும் கொஞ்ச நேரம். என்கூட ஒரு ஆள் ஆகும்.”

எனக்குள் ஏதோ ஒன்று சூடாகிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக இந்த மாதிரி ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கைதட்டி வந்திருக்கிறேன். செத்த பிறகும் ஒருவன் வந்து அதே சொற்பொழிவை ஆற்றுகிறான்.

“யோவ் ஹிபர்ட்” என்றேன். “எந்த சாக்கெட்டைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணே?”

அவர் பார்வை பதினொன்றாம் சாக்கெட்டுக்குத் தாவியது.

பதினொன்றாம் சாக்கெட்டின் மூடியைத் திறந்தேன். உள்ளே சிலந்திக்கூடு. பிளக்கைச் சொருகித் திருகினேன்.

ஒரு குரல் எழுந்தது. மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வராது. உறைந்த இரும்புக் கதவைப் பிய்த்துத் திறப்பது போல. அவர் கை பிளக்கை நோக்கிப் பாய்ந்தது.

ஒரு விரல் தூரத்தில் நின்றது.

நடுங்கியது.

தொடவில்லை.

“தொடு பார்ப்போம்” என்றேன். “தொட்டா உன் கொள்கை போச்சு. தொடலைன்னா உன் சைபர் போச்சு. நீயே முடிவு பண்ணிக்கோ. என் புருஷனுக்குக் குளிருது.”

பெட்டிக்குள் ஏதோ முனகியது. பதினொன்றின் மீட்டரில் கடைசிச் சைபர் மெல்லச் சாய்ந்து, உருண்டு, ஒன்று ஆனது.

உள்ளே ஹீட்டர் அணையவில்லை. ட்ரெவரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் பல் மறுபடி கிடுகிடுத்தது. அதைப் போல இனிமையான சங்கீதம் நான் கேட்டதில்லை. விடிகிறவரை வெளியே மின்பெட்டியைச் சுற்றிச் சுற்றி யாரோ நடந்தார்கள்.

காலையில் வார்டன் வந்தார். பதினொன்றின் மீட்டரைப் பார்த்ததும் விசில் அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது.

“இதுக்கு நான் பில் போட முடியாது மேடம். பதினொண்ணு வாடகைக்கே விடறதில்லயே. விடாத இடத்துக்கு எப்படிப் பணம் வாங்கறது? விதியில இல்ல.”

“பன்னிரண்டுல?” என்று ட்ரெவர் கம்பளிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே கேட்டார்.

“ஓடவே இல்ல சார்.”

“சொன்னேன்ல?” ட்ரெவர் என்னை வெற்றியோடு பார்த்தார். “ஒரு பென்னி கூட இல்ல!”

நான் பர்ஸைத் திறந்து ஒரு இருபது பவுண்டு நோட்டை எடுத்தேன். வார்டனின் பித்தளைப் பட்டைக்குப் பின்னால் அதைச் சொருகினேன்.

“பதினொண்ணுக்கு. வில்ஃப் ஹிபர்ட் பேர்ல. பணம் கட்டியாச்சு.”

வார்டனின் முகம் பனியைவிட வெளுத்தது. “அந்தப் பேரு உங்களுக்கு எப்படி...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பனியில்லாத வானத்திலிருந்து, எங்கள் மூவருக்கும் நடுவில், சில்லென்று ஒரு காற்று இறங்கியது. நனைந்த கம்பளி வாடை.

நான் காரில் ஏறும்வரை அந்தக் காற்று என் பின்கழுத்திலேயே இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. தான் எப்படி மீட்டரை வென்றார் என்பதைப் பற்றிச் சங்கத்தில் பேச ட்ரெவர் படுக்கையில் கிடந்தபடியே குறிப்பு எடுக்கிறார். நெஞ்சில் இன்னும் சளி. அவர் அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரின் கண்டிப்பு.

இன்று சாயங்காலம் சூப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அறை ஜில்லென்றிருந்தது.

ஹீட்டரின் பிளக் சுவரில் இல்லை. ஒயர் கம்பளத்தின் மேல் எட்டு வடிவத்தில் மடித்து, பூப்போல வைக்கப்பட்டிருந்தது.

இந்த வீட்டில் பதினொன்றாம் எண் சாக்கெட் கிடையாது.

சூப்பைக் கீழே வைத்தேன். பிளக்கை எடுத்துச் சொருகினேன். உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தபடி சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கம்பிகள் சிவந்தன.

“வா” என்றேன். “இழு பார்ப்போம்.”

கம்பளத்தின் மேல் தொய்ந்து கிடந்த ஒயர் மெல்ல விறைத்தது.

நான் இன்னொரு கையையும் வைத்தேன்.