நாலு பேர் தள்ளிய நாற்காலி

"பிடிங்க... யாராவது பிடிங்க!"

பாலத்துச் சரிவில் அந்த அலறல் உருண்டு வந்தது.

அலறலோடு சேர்ந்து ஒரு நாற்காலியும்!

பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவள் ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தாள். இன்னும் இழுத்தாள். கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் போல இழுத்தாள்.

ம்ஹூம்... நிற்கவில்லை!

கைப்பிடியில் இருந்த சிவப்பு விளக்கு மட்டும் கண்ணடித்தது.

கீழே சிக்னல். குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தன வண்டிகள்.

"அண்ணா...!"

டமால்!

சலவைத் துணி ஏற்றிவந்த வேன் பக்கவாட்டில் மோதியது. நாற்காலி ஒரு சுற்று சுற்றி நடுரோட்டில் நின்றது. அவள் மட்டும் தனியாகப் போய் விழுந்தாள்.

வேன்காரன் குதித்து இறங்கினான்.

"தானா வந்துச்சுங்க... சத்தியமா தானா உருண்டு வந்துச்சு!"

கூட்டம் கூடியது. பாதிப் பேர் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். மீதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் தார் ரோட்டில் கன்னத்தை வைத்தபடியே முனகினாள்.

"நாற்காலி... என் நாற்காலிக்கு என்ன ஆச்சு?"

"உசுரு பொழச்சதே பெருசு! நாற்காலியைப் பத்தி இப்ப என்னம்மா?"

ஒருத்தரின் காலை ஒடித்துவிட்டு, 'காலைப் பத்தி இப்ப என்ன' என்று யாராவது கேட்பார்களா?

இவளிடம் கேட்டார்கள்!

*

ஆஸ்பத்திரி. எமர்ஜென்சி வாசலை ஒட்டிய நடைபாதை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் அவள்.

தோள் எலும்பில் விரிசல். வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கால்கள் இரண்டும் சின்ன வயதிலேயே சொன்ன பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டவை. ஆக, மிச்சம் இருந்தது ஒரு கையும் ஒரு வாயும்தான்.

அந்த வாய்க்கு ஊரில் மரியாதை உண்டு. ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் போன் எடுப்பது அவள்தான். ஆபீஸில் அவள் பெயரே 'கன்ட்ரோல்'. "பதறாதீங்க, வண்டி வந்துட்டே இருக்கு" என்று நாள் முழுக்க ஊருக்கே தைரியம் சொல்பவள்.

இன்றைக்கு அவளுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நாற்காலி இருந்தால் அவள் ஒரு மனுஷி. ஆபீஸ், பாங்க், சினிமா... எங்கேயும் தனியாகப் போவாள், வருவாள். இல்லாவிட்டால்?

சாமான்! யாராவது தூக்கி ஓரமாக வைக்க வேண்டிய சாமான்.

"தலையணையை இப்படியா வைக்கறது? கழுத்து என்னத்துக்கு ஆகும்? நகருங்க சிஸ்டர்!"

நர்ஸின் கையிலிருந்து தலையணையைப் பிடுங்கிக்கொண்டான் அண்ணன். அவன் அப்படித்தான். அடுத்தவர் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் இரண்டு விநாடிகூடப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். பிடுங்கித் தானே செய்துவிடுவான்.

கழுத்துக்குக் கீழே தலையணை பாந்தமாக உட்கார்ந்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லண்ணா."

பொய். வலியில் உயிர் போனது.

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

"பாலத்துச் சரிவுல சிக்னலுக்காக நின்னுட்டு இருந்தேன் சார். கையை எடுத்துட்டா நாற்காலி தானாப் பிரேக் போட்டுக்கும். எந்தச் சரிவுலயும் அசையாது. திடீர்னு..."

"பின்னாடி நான் போன் பேசிட்டு இருந்தேன் சார்," அண்ணன் குறுக்கே புகுந்தான். "ஏதோ பதட்டத்துல அந்தக் குச்சியை முன்னாடி தள்ளிட்டா போல. எட்டிப் பிடிக்கறதுக்குள்ள..."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் தள்ளல! பின்னாடிதான் இழுத்தேன். கேக்கவே இல்ல. சிவப்பு லைட் வேற எரிஞ்சுது!"

"பயத்துல அப்படித்தாம்மா தோணும்," என்றார் இன்ஸ்பெக்டர், குழந்தையிடம் பேசுவது போல. "ஏன் சார், நீங்க அதை ஓட்டிப் பார்த்ததுண்டா?"

"நானா? தொட்டதே இல்ல சார்! கரன்ட் சமாசாரம்னாலே எனக்கு ஆகாது. எந்த ஸ்விட்ச் எதுக்குன்னுகூடத் தெரியாது."

"ஒரு மெக்கானிக்கை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க சார்," அவள் கெஞ்சினாள். "ப்ளீஸ்..."

"இனிமே பார்த்து என்ன ஆகப்போகுது?" அண்ணன் அவள் தலையைத் தடவினான். "பழைய இரும்புக்குப் போட்டுடலாம். எல்லாத்துக்கும் நான் இருக்கேன்ல?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "லாரியில ஏத்தி அனுப்பச் சொல்லிட்டேன். உங்ககிட்ட ஒப்படைச்சுட்டா என் வேலை முடிஞ்சுது."

அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாகிவிட்டது! குற்றவாளி... அவளுடைய வலது கை.

டாக்டர் வந்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"மாத்திரை வாங்கிட்டு வரேன். வந்ததும் உன்னைத் தூக்கி கார்ல வெச்சுக் கிளம்பிடலாம்," என்றான் அண்ணன்.

*

வெளியே லாரி வந்து நின்றது.

நாலு கான்ஸ்டபிள்கள் பலகையில் சறுக்கவிட்டு நாற்காலியை இறக்கினார்கள். ஜாய்ஸ்டிக் பெட்டி நசுங்கி ஒயரில் தொங்கியது. ஒரு பக்கக் கைப்பிடியையே காணோம். முதுகுச் சாய்மானம் கிழிந்திருந்தது.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தன் உடம்பே அங்கே கிழிந்து நிற்பது போல இருந்தது.

"தள்ளுங்கய்யா! வண்டி வர்ற வழி!" இன்ஸ்பெக்டர் கத்திக்கொண்டே வெளியே போனார்.

தள்ளினார்கள். நாலு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். முக்கினார்கள். முனகினார்கள்.

நாற்காலி அசையவில்லை.

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் டிராபிக் கான்ஸ்டபிள் வந்து நின்றார். மோதல் நடந்த சிக்னலில் டியூட்டி பார்த்தவர்.

"எப்படி இருக்கீங்கம்மா? கயிறு கட்டி லாரியில இழுத்து ஏத்தறதுக்குள்ள எங்க இடுப்பு போச்சு. யானைக்குட்டி மாதிரி இருக்கு உங்க நாற்காலி!"

"மோட்டார், பேட்டரி எல்லாம் இருக்குல்ல. அதான்."

"உங்க அண்ணனுக்கு என்னா பலம்மா! அங்க நாலு பேர் நாக்குத் தள்ளிப் போறாங்க. அவர் என்னடான்னா... நடுரோட்டுல நின்னதை ஒத்தை ஆளா உருட்டிட்டு வந்து ஓரமா நிறுத்திட்டாரே!"

அவள் தலையைத் திருப்பினாள்.

"என்ன... சொன்னீங்க?"

"ஆமாம்மா. ஒரு கையாலயே! ஓரமா வெச்சுட்டுக் குனிஞ்சு பின்னாடி ஏதோ பார்த்தார். அதுக்கப்புறம் தேர் மாதிரி நின்னுடுச்சு. எங்களால நகர்த்த முடியல."

குனிந்து... பின்னாடி...

அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்!

பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன லீவர்கள். கீழே இருந்தால் மோட்டார் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். யாராலும் தள்ள முடியாது. மேலே தூக்கினால் பிடி விட்டுவிடும். பிரேக் இல்லை, ஜாய்ஸ்டிக் செத்துவிடும், சிவப்பு விளக்கு கண்ணடிக்கும். சின்னக் குழந்தைகூட உருட்டலாம்.

சரிவில் நின்றால்... உருட்டக்கூட வேண்டாம்!

உட்கார்ந்திருக்கும் அவளுக்கு அந்த லீவர்கள் எட்டாது. பின்னால் நிற்பவனுக்குத்தான் எட்டும்.

பின்னால் நின்றவன்... அண்ணன்.

'தொட்டதே இல்ல சார்!'

அடப்பாவி!

சிறு வயதில் அவளைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருந்தவன். அவனா? நெஞ்சு நம்ப மறுத்தது. ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு பொய் சொல்லாதே!

இன்னும் சற்று நேரத்தில் அவன் வருவான். அவளைத் தூக்குவான். காரில் வைப்பான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவான். அப்புறம்?

ஓட முடியாது. நகர முடியாது. புரண்டு படுக்கக்கூட முடியாது!

"சார்... அந்த இன்ஸ்பெக்டரைக் கொஞ்சம்..."

"யாரைக் கூப்பிடறே?"

தலைமாட்டில் அண்ணன். கையில் மாத்திரைப் பை. முகத்தில் அதே பாசம்.

இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? 'அதிர்ச்சியில உளர்றா சார்' என்பான். இன்ஸ்பெக்டரும் தலையாட்டுவார். அப்புறம் அவன் உஷாராகிவிடுவான்.

"ஒண்ணுமில்லண்ணா. ஆபீஸுக்கு லீவு சொல்லணும். என் போன் நாற்காலியோட போச்சு. இவர் போனைக் கேட்டேன்."

"சொல்லேன்."

கான்ஸ்டபிள் போனை நீட்டினார். அவள் இடது கையால் எண்களை அழுத்தினாள். குரல் நடுங்கக் கூடாது!

"நான்தான்டி, கன்ட்ரோல். அடிபட்டு இங்க பெரியாஸ்பத்திரி வாசல்ல கிடக்கேன்... ஆமா, லீவுதான். நீ ஒண்ணு பண்ணு. நம்ம மஞ்சள் இருக்குல்ல, அதை உடனே இங்க அனுப்பி வை. உடனேடி!"

"மஞ்சளா?" அண்ணன் புருவத்தைத் தூக்கினான்.

"மஞ்சள் பைண்ணா. மாத்துப் புடவை வெச்சிருக்கேன்."

"சரி, அது வரட்டும். கிளம்பிடலாம்."

அவன் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. விலகக்கூட வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான்...

வீ... வீ... வீ...!

சைரன்!

ஆம்புலன்ஸ் ஒன்று வாசல் வளைவில் சீறிக்கொண்டு திரும்பியது. வழியில் மலை போல நாற்காலி! கிறீச்சென்று பிரேக். டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"எடுங்கய்யா அதை! ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்யா!"

"தள்ளுங்க! தள்ளுங்க!" இன்ஸ்பெக்டர் துள்ளினார்.

நாலு பேரும் தள்ளினார்கள். ஒருவர் கால் வழுக்கி விழுந்தார். சைரன் காதைக் கிழித்தது.

அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பல்லைக் கடித்தான். கை பரபரத்தது.

"அங்க ஒரு உசுரு ஊசலாடுது, இவனுங்க என்ன பண்றானுங்க!"

கெட்டவன்தான். ஆனால் சைரன் கேட்டால் மனசு பதறும் கெட்டவன்!

"அட மடப்பசங்களா, நகருங்கய்யா!"

ஓடினான். கான்ஸ்டபிள்களை விலக்கினான். நாற்காலிக்குப் பின்னால் குனிந்தான்.

டக்... டக்!

ஒரே கையால் நாற்காலியை உருட்டி ஓரமாக நிறுத்தினான்.

சைரன் நின்றது.

அந்த அமைதியில் அவள் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போனது.

"இன்ஸ்பெக்டர் சார்! தொட்டதே இல்லன்னு சொன்ன ஆளு இப்ப எதைத் தொட்டாருன்னு கேளுங்க!"

அண்ணன் அப்படியே உறைந்து நின்றான். கை இன்னும் நாற்காலி மேலேயே இருந்தது.

"அந்த லீவரைத் தூக்கினாத்தான் சார் நாற்காலி உருளும். பாலத்துச் சரிவுல தூக்கினது அவர்தான். ரோட்டு ஓரத்துல வெச்சு, சந்தேகம் வராம இருக்கத் திரும்ப இறக்கிவிட்டதும் அவர்தான். உங்க கான்ஸ்டபிளே கண்ணால பார்த்திருக்கார்!"

டிராபிக் கான்ஸ்டபிள் மெல்லத் தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டரின் பார்வை கத்தியானது. "ஏன்யா?"

அண்ணனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு சார்... எனக்கும் என் பொண்டாட்டிக்கும் மட்டும்தான் விசா. இவளை எங்க விடறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணா!" அவள் வெடித்தாள். "போயிட்டு வான்னு சந்தோஷமா அனுப்பியிருப்பேனே! எனக்கு வேலை இருக்கு, நாற்காலி இருக்கு, நான் பாட்டுக்கு இருந்திருப்பேனே!"

"நடக்க முடியாத தங்கச்சியைத் தனியா விட்டுட்டுப் போனா... நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேருக்குப் பயந்து என்னைக் கொல்லப் பார்த்தியா? இப்ப இந்த நாலு பேராலதான் மாட்டிக்கிட்டே!"

சொல்லிவிட்டாள். சொன்னதும் அழுகை வந்தது. கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கப் போய், வலியில் துடித்தாள்.

அண்ணன் பார்வை ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பியது. "உள்ள... உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்துங்க முதல்ல!"

டிரைவர் பின்கதவைத் திறந்தார்.

காலி!

"எங்க ஆபீஸ் பாஷையில 'மஞ்சள்'னா ஒத்திகைண்ணா," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆள் இல்லாத வண்டி. சைரன் மட்டும் இருக்கும்."

அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், கழுத்துக்குக் கீழே சரிந்துபோயிருந்த தலையணை தெரிந்திருக்கும். அதைச் சரிசெய்ய இனி யார் இருக்கிறார்கள்?

பரவாயில்லை! நாற்காலி இருக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது. பெட்டியை மாற்றினால் போதும். தோள் ஆறியதும் பழையபடி...

வெளியே ஏதோ சத்தம்.

கண்ணாடி வழியே பார்த்தாள். நாலு கான்ஸ்டபிள்களும் நாற்காலியை மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்!

"சார்! என் நாற்காலியை எங்க கொண்டு போறீங்க?"

இன்ஸ்பெக்டர் சங்கடமாகத் தொப்பியைச் சுழற்றினார். "கொலை முயற்சி கேஸ் ஆயிடுச்சேம்மா. இதுதான் முக்கியமான தடயம். கேஸ் முடியற வரைக்கும் கோர்ட்டு பொறுப்புல இருக்கணும். ரிப்பேர்கூடப் பண்ணக் கூடாது."

"கேஸ் எப்ப முடியும்?"

"அது... வருஷக்கணக்கா இழுக்கும்மா."

"எங்கண்ணன் எப்ப வெளிய வருவான்?"

"அவருக்கு என்ன, ஜாமீன் கிடைச்சா சீக்கிரமே வந்துடுவார்."

உருட்டிவிட்டவனுக்கு ஜாமீன். உருண்ட நாற்காலிக்கு ஜெயில்!

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப என் நாற்காலிக்கும் ஒரு ஜாமீன் போட்டுக் குடுங்க சார்! ஓடிப்போயிடுமோன்னு பயப்படவே வேணாம்... லீவரை இறக்கிவிட்டா, நாலு பேர் தள்ளினாலும் நகராது!"