முதலை வாய்க்குள் ஒரு நாக்கு

நண்பகல் லுகர் தொழுகை முடித்து, லனாவ் ஏரியைப் படகில் கடந்து போலாவன் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாள் பார்க்கத்தான். எங்கள் மரனாவ் இனத்து ஊர்களில் பழைய வாள் எது கிடைத்தாலும் என்னிடம்தான் வரும். இரும்பு ஊர் ஊராய்க் கைமாறும்; கைப்பிடியை மட்டும் அந்தந்த வீட்டு ஆள்தான் செதுக்குவான். கைப்பிடியைத் தடவினால் செதுக்கியவன் வீட்டையே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

வீட்டுக்குள் சேற்று வாடை. வெள்ளைத் துணியில் ஒரு கம்பிலான் வாள் கிடந்தது. மீன் குட்டை தோண்டும்போது ஓர் எலும்புக்கூட்டின் விலாவில் சிக்கியிருந்ததாம். இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் காணாமல் போன அவளுடைய அண்ணன்.

"யார் வீட்டு வேலைன்னு மட்டும் சொல்லுங்கண்ணே," என்றாள் போலாவன். "மிச்சத்த என் பசங்க பாத்துக்குவாங்க."

கம்பிலானின் கைப்பிடி முனையில் திறந்த முதலை வாய் இருக்கும். இந்த வாய்க்குள் நாக்கும் இருந்தது. என் ஆயுசில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. உளித்தடத்தைத் தடவினேன். அத்தனையும் இடது கை வெட்டு.

இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.

இந்த ஏரிக்கரையில் இடது கையால் செதுக்கிய ஒரே ஆள் என் அப்பா.

அப்பா போய்ப் பத்து வருடமாகிறது. எங்களுக்குள் ரத்தப்பழி செத்தவனோடு போகாது. அந்த வீட்டிலேயே அருமையான ஆண்பிள்ளையாகப் பார்த்து வெட்டுவார்கள். என் ஒரே மகன் ராக்கிமுக்குப் பத்து நாளில் கல்யாணம்.

தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. சந்தையில் எல்லார் முன்னாலும் என்னைக் 'கண்ணவிஞ்ச கிழவன்' என்று கேலி செய்த சந்தாப் நினைவுக்கு வந்தான்.

"தென்கரை சந்தாப் வீட்டு வேலைம்மா."

"சத்தியமா?"

"அல்லா மேல சத்தியமா."

துணிமேல் கிடந்த வாளிலிருந்து ஈரமாய் ஒரு சத்தம். யாரோ உதட்டை நக்குவது போல.

போலாவன் காதில் அது விழவில்லை.

நான்காம் நாள், சந்தையில் வெங்காயத்தாள் பேரம் பேசிக்கொண்டிருந்த சந்தாபின் கடைசி மகனை வெட்டிப் போட்டார்கள். பாவி நான், அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

கை கழுவிவிட்டுத் திரும்பினேன். சுவரில் அப்பா எனக்குச் செய்து கொடுத்த கம்பிலான். அதன் முதலை வாய் என்றும் வெறும் வாய்தான்.

இப்போது உள்ளே நாக்கு.

உளியால் வெட்டி எறிந்தேன். விழுந்த தூளில் சேற்று வாடை. விடிந்து பார்த்தால் மறுபடி நாக்கு, ஈரமாக. மூன்று நாள் வெட்டினேன். ஏரியில் வீசியிருக்கலாம், அப்பா கைவேலை, மனசு வரவில்லை. அரிசி மூட்டைக்குள் புதைத்தேன். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்ல?

மாப்பிள்ளை ஊர்வலத்தில் வீட்டு வாளை ஏந்திப் போவது எங்கள் வழக்கம். அவனுக்காக வேறொரு வாளை இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

"என்னப்பா, என் கல்யாணத்துக்கு இரவல் வாளா?" பின்னால் ராக்கிமின் சிரிப்பு, கையில் அப்பாவின் கம்பிலான். "தாத்தா வாள அரிசிக்குள்ள போட்டுட்டு மறந்துட்டீங்களே!"

நான் எட்டிப் பிடிப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டான். வெண்கல மணிகள் முழங்கின. கூட்டத்தின் முன்வரிசையில் போலாவன், பக்கத்தில் அவள் மகன்கள்.

அவள் குனிந்து கைப்பிடியைப் பார்த்தாள்.

"அட, வாய்க்குள்ள நாக்கு! யார் வேலை தம்பி இது?"

கத்தப் போனேன். வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர். நாக்கு புரளவில்லை.

"எங்க தாத்தா வேலைதான் அத்தை," என்றான் ராக்கிம் பெருமையாக. "அவரே கையால செதுக்கினது."

போலாவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்குக் கண் நல்லாத்தாண்ணே தெரியுது."

என் பிள்ளை பெண் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

நாற்பது நாளாகிறது. எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இன்று காலை, மறுபடி சுவரில் மாட்டிவைத்திருந்த கம்பிலானை எடுத்துப் பார்த்தேன். முதலை வாய் வெறுமையாக இருந்தது. நாக்கு இருந்த சுவடே இல்லை.

கண்ணாடி முன் நின்று என் வாயைத் திறந்தேன். விரலை விட்டு நாக்கைத் தடவினேன்.

மரம். அதில் வரிசையாய் உளித்தடம்.

அத்தனையும் இடது கை வெட்டு.