காற்று வராத அறை

காலையில் டீயோடு போன திரௌபதி விருந்தாளி அறையின் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. லேசாகத் தள்ளினாள், திறந்துகொண்டது. கட்டிலில் கோகுல்ராஜ் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. ராத்திரி சாப்பிடும்போது வெளிறிப்போய் இருந்த ஆளுக்கு ஒரே தூக்கத்தில் இவ்வளவு களையா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுப்பலாம் என்று தோளைத் தொட்டாள். விறைத்துப்போய் ஜில்லென்றிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் ஊரே திரண்டுவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரி ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் பார்த்ததெல்லாம் ஆடு திருட்டு, வரப்புத் தகராறு, குடித்துவிட்டுப் பைக்கை மரத்தில் மோதும் டூரிஸ்ட்டுகள். ஜீப்பிலிருந்து இறங்கி அறைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செத்த முகத்தில் அந்தச் சிவப்பு அவளுக்கு என்னவோ செய்தது.

"கரிப்புகை, மேடம்" என்றார் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். "மூடின ரூம்ல கரி எரிஞ்சா இப்டித்தான் மொகம் செவக்கும். போஸ்ட்மார்ட்டத்துலயும் அதான் வரும். தூக்கத்துலயே போயிருக்காரு."

கட்டிலின் கால்மாட்டில் கணப்புச் சட்டி இருந்தது. மார்கழிக் குளிருக்கு மலையில் வீட்டுக்கு வீடு இருக்கிற மண்சட்டிதான். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவுச் சட்டத்தைச் சுற்றிக் குளிருக்காக ரப்பர் ஒட்டியிருந்தார்கள். மேலே சுவரில் ஒரு சின்ன வென்டிலேட்டர். அதில் ஏதோ சருகு அடைத்திருந்தது.

"அணில் கூடு" என்றார் ஏட்டு லட்சுமணன். அவருக்கு எந்தக் கேஸும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். "கூடு அடைச்சதைக் கவனிக்காம இந்தம்மா கணப்பை வெச்சிருக்கு. அஜாக்கிரதையால் மரணம். இவங்களை ஜீப்ல ஏத்திட்டுப் போலாமா, மேடம்?"

"சாமி சத்தியமா நான் உள்ள வெக்கலம்மா!" திரௌபதி அழுதாள். "சாப்ட்டு முடிக்கறவரிக்கும் உள்ள இருந்துச்சு. அவரு படுக்கப் போவசொல்ல நான்தான் வெளிய எடுத்தாந்தேன். சாம்பலப் போட்டு மூடி வாசல்ல வெச்சேன். எங்கூர்ல கணப்பை வெச்சிக்கினு எவனும் தூங்க மாட்டான். விடியக்காலம் சாம்பலக் கிளறி அந்த நெருப்புலதான் அடுப்பே பத்த வெப்போம். இன்னிக்கு எழுந்து பாத்தா வாசல்ல சட்டி இல்ல. விருந்தாளிங்க குளிருக்கு எடுத்துக்கினு போயிருப்பாங்கன்னு நெனச்சி, தீப்பெட்டியில பத்த வெச்சித்தான் டீயே போட்டேன்."

புருஷன் போன பிறகு, டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட, பாதிச் சுவரைத் தன் கையாலேயே பூசி அவள் எழுப்பிய ஒற்றைக் கான்கிரீட் அறை அது. கேஸ் எழுதினால் அறைக்குப் பூட்டு, அவளுக்கு ஜெயில். சிவசங்கரிக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் பரிதாபத்தைக் கோர்ட்டில் காட்ட முடியாது. குனிந்து சட்டிக்குள் பார்த்தாள். மேலே சாம்பல் மூடாக்கு இல்லை. பாதி எரிந்த கரி, எல்லாம் ஒரே அளவில் அச்சில் வார்த்த உருண்டைகள்.

"இன்னா கரிம்மா போடுவ?"

"புளியங்கட்டை நெருப்புதாம்மா. அடுப்புலேந்து அள்ளிப் போடுவேன். இந்த உருண்டையெல்லாம் எங்கூட்ல இல்ல."

இறந்தவனோடு வந்தவன் அசோக்குமார். காலேஜ் காலத்துச் சிநேகிதன், வேலூரில் பைக் ஷோரூமில் மேனேஜர். ராத்திரி காரில் படுத்திருக்கிறான். வாசல் கல்லில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன் கார்ல படுத்தீங்க?"

"அவன் குறட்டை, மேடம். எல்லா டூர்லயும் அப்டித்தான். ரூம் அவனுக்கு, கார் எனக்கு."

"நடுவுல எழுந்தீங்களா?"

"இல்லீங்க. அசந்து தூங்கிட்டேன்."

"இந்த எடத்தைப் பாத்தது யாரு?"

"நான்தான். எப்பவும் எடம் பாக்கறது என் வேலை. போன்ல மூணு பாத்தேன். புல்வெளியில ஒரு டென்ட்டு, காவலூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வூடு, அப்பறம் இது. டென்ட்ல காத்து பிச்சிக்கும். ஓட்டு வூட்ல சந்து சந்தா குளிரு எறங்கும். இதான் சிக்குனு இருந்துச்சு."

"டென்ட்டை நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. அந்தப் பக்கமே போகல."

பக்கத்து வீட்டுக்காரி டீ கொண்டுவந்தாள். அசோக்குமார் கைக்குட்டையைச் சுற்றி டம்ளரைப் பிடித்துக்கொண்டான். விரலெல்லாம் மெல்லிய சிவப்புக் கோடுகள்.

"கையில இன்னா?"

"நேத்து சாயந்தரம் சிக்னல் தேடி மேட்டு மேல ஏறினேன். உண்ணிச் செடி கிழிச்சிடுச்சு."

சிவசங்கரி ஸ்டூல் போட்டு ஏறினாள். வென்டிலேட்டரில் கைவிட்டு அடைப்பைக் கொத்தாக இழுத்ததும் 'ஸ்ஸ்' என்று கையை உதறினாள். விரலில் ரத்தம் கோடு போட்டிருந்தது.

அவள் கையிலிருந்த சருகு நீளமானது. காய்ந்து வெளுத்த இலை, ஓரமெல்லாம் அரத்தின் பல். அணில் கூடு கட்டுவது நாரும் பஞ்சும் வைத்து. குட்டி போடும் இடத்தில் பிளேடை எந்த அணில் பரப்பும்?

"கரும்புச் சோகை, மேடம்" என்றார் லட்சுமணன், குரல் இறங்கி. "இந்த மலையில கரும்பு ஏது?"

கரும்பு கீழே, மலையடிவாரத்துப் படவேட்டில் இருந்தது. மலைமேல் சோகை இருந்தது ஒரே இடத்தில்தான், வடிவேலுவின் புல்வெளிக் கூடாரங்களில். படவேட்டுக்காரரான அவர் வண்டி வண்டியாகச் சோகை ஏற்றிவந்து ஈரம் ஏறாமல் டென்ட்டுகளுக்கு அடியில் பரப்பியிருந்தார். கறி சுட அச்சுக்கரி மூட்டை வைத்திருப்பவரும் அவர்தான். திரௌபதியின் அறை வந்தபிறகு டென்ட்டுக்கு ஆள் குறைந்துவிட்டது என்று சந்தையில் அவர் புலம்பாத நாளில்லை.

லட்சுமணன் ஜீப்பை விரட்டிப் போய் ஆளைக் கொண்டே வந்துவிட்டார். டீ ஆறியிருந்தாலும் கேஸ் முடிந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"என்னுதுதான் மேடம். சோகையும் என்னுது, கரியும் என்னுது" என்றார் வடிவேலு. "வேலியில்லாத எடம். எவன் வேணா அள்ளிக்கினு போலாம். நான் நேத்து படவேட்லதான் இருந்தேன், மச்சான் வூட்டுக் காதுகுத்து. போட்டி இருக்குது, இல்லேங்கல. அதுக்காவ உசுரை எடுப்பனா?"

காதுகுத்துக்கு சாட்சி விசாரிக்க நேரமாகும். சிவசங்கரி கையிலிருந்த சோகைக் கொத்தை அவரிடம் நீட்டினாள். "இதைக் கசக்கிச் சுருட்டுங்க."

வடிவேலு வாங்கினார். அடியிலிருந்து நுனிக்கு ஒருதரம் நீவிவிட்டார், பல்லெல்லாம் ஒருபக்கமாகப் படிந்தது. பிறகு போகிற போக்கிலேயே சுற்றி ஒரு பந்தாக்கிக் கொடுத்துவிட்டார். கையை விரித்துக் காட்டச் சொன்னாள். ஒரு கீறல் இல்லை.

"எதிர்ப்போக்குல புடிச்சா அறுத்துடும் மேடம். கரும்புக் கொல்லைக்காரன் தூக்கத்துலகூட அப்டிப் புடிக்க மாட்டான்."

சிவசங்கரி தன் விரலைப் பார்த்தாள். ரத்தம் உலர்ந்து மெல்லிய கோடு ஒன்று, பென்சிலால் இழுத்ததுபோல. இதே கோட்டைக் கொஞ்சம் முன்னால் வேறு கையில் பார்த்திருந்தாள்! நண்பன் செத்த துக்கத்தில் தலை கவிழ்ந்திருக்கிறான் என்று அவனுக்கு டீ கொடுக்கச் சொன்னதும் அவள்தான்.

உடனே அவனிடம் போகவில்லை. திரௌபதியைத் தனியே கூப்பிட்டாள். "ராத்திரி சாப்பிடறப்ப ரெண்டு பேரும் இன்னா பேசினாங்க?"

"ஒண்ணும் பெருசா இல்லம்மா. செத்துப்போனாரே, அவரு என்னை ஒண்ணு கேட்டாரு. 'போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு விஷயம் சொல்லப் போனா மொதல்ல யாரைப் பாக்கணும்'னு. நான் போனதே இல்லியே சாமின்னேன். அந்த இன்னொருத்தரு சோத்துல கை வெச்சவரு அப்டியே எழுந்துட்டாரு."

வாசலுக்கு வந்தாள். அசோக்குமாரின் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"கைக்குட்டையை எடுங்க."

எடுக்கவில்லை. லட்சுமணன் எடுத்தார்.

"உண்ணிச் செடியில முள்ளு. கிழிச்சா தாறுமாறா இருக்கும். இது சோகை அறுத்த கோடு, என் விரல்லயும் அதே கோடு. சோகை இந்த மலையில இருக்கறது டென்ட்டுக்கிட்ட மட்டும்தான். அந்தப் பக்கமே போகலன்னீங்க. சாயந்தரம் சிக்னல் தேடறேன்னு போய், ஆளில்லாத எடத்துல சோகையும் கரியும் எடுத்தீங்க. வெளிப்பக்கமா நின்னு வென்டிலேட்டரை அடைச்சீங்க. திரௌபதி வாசல்ல வெச்ச சட்டியில இருந்த சாம்பலைக் கொட்டிட்டு, அந்த நெருப்பு மேல புதுக் கரியைப் போட்டு அவர் கால்மாட்ல வெச்சீங்க. நெருப்பை மூடி எடுத்து வெக்கறது இந்த ஊர்ல தெனம் ராத்திரி நடக்கற வேலை. அது உங்களுக்குத் தெரியல. விருந்தாளிக்குக் குளிருமேன்னு அந்தம்மாவே சட்டியை உள்ள விட்டுட்டாங்கன்னு எல்லாரும் நம்பிடுவாங்கன்னு நெனச்சிட்டீங்க."

அசோக்குமார் கையை இழுத்து மடக்கிக்கொண்டான்.

"ஸ்டேஷன்ல அவர் இன்னா சொல்ல இருந்தாரு?"

அவன் கீழே வைத்திருந்த டம்ளர் காற்றில் உருண்டது.

"போளூர் ரோட்ல" என்றான் கடைசியில். "மழையில ஒரு அம்மா குறுக்க வந்துட்டாங்க. நான்தான் ஓட்டினேன். இடிச்சிட்டு நிக்கல. அவன் பக்கத்துல இருந்தான். அதுலேந்து தூங்கவே மாட்டான், மேடம். இந்த டூர் போய்ட்டு வந்ததும் ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடுவோம்னான். மாட்டேன்னேன். நீ வரலன்னா நான் மட்டும் போறேன்னான்." முகத்தை மூடிக்கொண்டான். "எனக்குச் சின்னப் பொண்ணு இருக்கு."

"அவருக்கு?"

லட்சுமணன் அவன் தோளில் கை வைத்தார்.

ஜீப் போன பிறகு சிவசங்கரி கோகுல்ராஜின் மனைவி தேவிக்குப் போன் செய்தாள். உறவுக்காரர்கள் ஏற்கெனவே செய்தி சொல்லியிருந்தார்கள். தேவி அழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அசோக் அண்ணா எனக்கு மூணு போட்டோ அனுப்பினாருங்க. டென்ட்டு, ஓட்டு வூடு, இந்த ரூமு. எதை புக் பண்ணலாம், நீயே சொல்லு தேவின்னாரு. இவருக்கு வீசிங் இருக்கு, குளிர்காத்து ஆகாது. காத்து அடிக்காத எடமா போடுங்கண்ணான்னு சொல்லி, இந்த ரூமை நான்தாங்க கைகாட்டினேன்."

சிவசங்கரிக்கு அப்போதுதான் புரிந்தது. பழியில் பாதியைத் தேவியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் அசோக்குமார் காரை எடுத்திருக்கிறான்.

"நான் தப்பா காட்டிட்டேனா, மேடம்?"

எதிரில் திரௌபதி, துடைப்பத்தைப் பிடித்தபடி, உள்ளே போகத் துணியாமல் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றாள் சிவசங்கரி, இருவருக்கும் கேட்கும்படியாக. "நீங்க காட்டினது நல்ல ரூம்தான். குளிரு ஏறாது, மூச்சு முட்டாது. பாத்துப் பாத்துக் கட்டியிருக்காங்க. அதை அடைச்சது அவன்."

அதன் பிறகுதான் தேவி அழ ஆரம்பித்தாள். சிவசங்கரி போனை வைக்கவில்லை.