குழிக்குப் போகாத சுவெட்டர்

எட்டுத் தொப்பி பின்னி முடித்த பிறகும் நூலுருண்டை குறையவில்லை என்பதை ஜீவராணி அன்று காலையில்தான் கவனித்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தின் தொங்கல் காம்பராவில், வரிசையின் கடைசி வீட்டில், இஸ்தோப்புத் திண்ணைப் பலகையில் உட்கார்ந்து ஒன்பதாவது தொப்பியைத் தொடங்கியிருந்தாள். பழைய சுவெட்டரைப் பிரித்துச் சுற்றிய அன்று உருண்டை ஒரு முட்டைக்கோவா அளவு இருந்தது. இப்போதும் கோவா அளவுதான் இருந்தது. அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல நூல், அதுதான் நீண்டு வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

வாசனையும் போகவில்லை. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டு அலசி, அந்தத் தோட்டத்தில் அபூர்வமாக வரும் மூன்று நாள் வெயிலில் காயப்போட்டும், நூலை மூக்கருகே கொண்டு போனால் முதலில் தைலம், பிறகு பீடி, அதற்கும் அடியில் நெடுநாள் சன்னல் திறக்காத காம்பராவின் புழுங்கல் வாடை வந்தது. ஊசி நகர நகர அந்த வாடை அவளுடைய விரல்களில் ஏறி, ரொட்டி தின்னும்போதும் கூடவே வந்தது.

முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த கை. செக்ரோல் பதிவில் பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. புருஷன் மூக்கன் படுக்கையில் கிடந்த மூன்று வருஷம் கைக்கு வேலை இருந்தது. அவன் போன பிறகு, விடிந்தால் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்துக் கொண்டிருப்பாள். பிள்ளையும் இல்லை. பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் நிலக்ஷிதான் ஒருநாள் கூட்டிப்போய் உட்காரவைத்து, பின்னல் ஊசியைக் கையில் கொடுத்து, பிள்ளைகளுக்குக் குளிர்த்தொப்பி பின்னக் கற்றுக்கொடுத்தாள். அங்கே பன்னிரண்டு பிள்ளைகள். தாய்மார் மலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் அவை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு சுற்றின. அறுபத்து மூன்று வயதில் அவளுக்கு அது ஒரு புதுப் பிழைப்பு. சந்தோஷமாக இருந்தாள். இவ்வளவு சந்தோஷம் ஒரு விதவைக்கு ஆகுமா என்று லயத்தில் இரண்டு பேர் கேட்கும் அளவுக்கு இருந்தாள்.

தப்பு எங்கே நடந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

மூக்கன் கெட்டவனில்லை என்று லயமே சொல்லும். லயம் அவனுக்கு மூன்று வருஷம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை. கூப்பிட மாட்டான். மோதிர விரலில் கிடந்த செப்பு மோதிரத்தால் கட்டில் பலகையில் இரண்டு தட்டு. டொக், டொக். தட்டிவிட்டு உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வான். கிளாஸ் கைக்கு வரும்வரை அந்தக் கை மடங்காது. நாளைக்கு எத்தனை தரம் என்று அவள் எண்ணவில்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் தன் பங்குத் தேத்தண்ணியை ஒருநாளும் சூடாகக் குடித்ததில்லை.

கடைசி நாள் பின்பக்கம் போஞ்சிப் பாத்தியருகே உட்கார்ந்து, அப்போதுதான் ஊற்றிய தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டு போனாள். உள்ளே டொக், டொக். அன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை. கிளாஸ் காலியாகும்வரை, ஆவி முகத்தில் படப் பட, முழுதாகக் குடித்தாள். உள்ளே போனபோது அவன் கை கட்டிலுக்கு வெளியே விரிந்தபடி கிடந்தது.

அவன் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. "மண்ணு குளுரும் ராணி. என்னய அந்தச் சுவெட்டரோட பொதச்சிரு." சரி என்று சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்தில் செத்தவர் உடுத்தின கம்பளித் துணியைக் கூடவே குழியில் வைப்பார்கள். மண் குளிரும் என்பதோடு, அது வீட்டில் தங்கக்கூடாது என்பதும் உண்டு. ஆனால் அது எப்போதோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன சுவெட்டர், அசல் கம்பளி. இவ்வளவு நல்ல சாமான் மண்ணுக்கா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். மோதிரம் மட்டும் வீங்கிய விரலிலிருந்து கழலாமல் அவனோடு போனது.

அந்தச் சுவெட்டரின் முதல் தொப்பி பூரணியின் மகன் திலக்ஷனுக்கு. ஒன்றரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை, அம்மா என்றுகூட. அடுத்த காம்பராவில்தான் இருந்தார்கள்.

உருண்டை குறையாததைக் கவனித்த அன்று காலை, பூரணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடையோடு வந்து நின்றாள்.

"அத்த, இவனுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குதுங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். நெஞ்சு சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"தொப்பிய கழட்டி வையி. வேர்க்குதோ என்னமோ."

"கழட்டினா ஒடம்பு சில்லுன்னு போயிருது. பயமா இருக்கு."

அப்போது பிள்ளை இருமினான். வறட்டு இருமல் மூன்று. ஒரு நீண்ட இழுப்பு. கடைசியில், பாரத்தை இறக்கி வைத்தவன் விடும் ஒரு "ம்ம்". ஜீவராணியின் கையிலிருந்து ஊசி நழுவிக் கீழே விழுந்தது. மூன்று வருஷம் மூக்கனின் கட்டிலிலிருந்து கேட்ட இருமல், அந்த "ம்ம்" எங்கே முடியும் என்று அவளுக்கு மனப்பாடம். பூரணி பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிறது என்று போய்விட்டாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாக ஜீவராணியையே பார்த்துக்கொண்டு போனான்.

அவள் பயந்தாள். வயதான மனசு, கேட்டதையே கேட்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள், பயம் போகவில்லை. பத்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கி ரோட்டை மூடியிருந்தது. தேயிலைச் செடிகள் பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிந்தன. பனிக்குள் எங்கேயோ கொழுந்து பறிக்கும் பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. எட்டுத் தொப்பியையும் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்று நடந்தாள்.

உள்ளே பன்னிரண்டு பிள்ளைகளும் தொப்பி போட்டிருந்தன.

"எட்டுதானே குடுத்தேன் நிலக்ஷி," என்றாள்.

"நேத்து நாலு கொண்டாந்து குடுத்தீங்களே பெரியம்மா. வாசல்ல நின்னு ஒண்ணொண்ணா நீங்கதானே போட்டுவிட்டீங்க. கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்காம போயிட்டீங்க."

நேற்று முழுவதும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருந்தது. மடியில் நூல். எதிரே பனி. பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. அவ்வளவுதான் ஞாபகம். அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் ஒருக்கா குடு, தொவச்சிட்டுத் தாறேன்."

"கழட்ட விட மாட்டேங்குதுங்க பெரியம்மா. அழுது நீலமா போயிருதுங்க." நிலக்ஷி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்னா, ஏதும் இருக்கா?"

சொல்லிவிடலாம். செத்தவன் உடுத்தின கம்பளியைப் பச்சைப்பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பன்னிரண்டு தாய்மாரும் அவளை இந்த வாசலை மிதிக்க விடமாட்டார்கள். மறுபடியும் இஸ்தோப்பு, எதிர்மலை, மடியில் இரண்டு கை. "ஒண்ணுமில்ல," என்றாள். அந்த வார்த்தைக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

அன்று பிற்பகல் நூலுருண்டையையும் பாதித் தொப்பியையும் சேலை முந்தானையில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு முள்முருங்கை மரத்தடிக்குப் போனாள். மூக்கனை அங்கேதான் புதைத்திருந்தது. புல் முளைத்துவிட்டது. முழங்கை ஆழத்துக்குத் தோண்டி உருண்டையைக் குழியில் வைத்தாள்.

"இந்தாங்க. ஒங்களுதுதான். நான் செஞ்சது தப்புதான். புள்ளைங்கள விட்டுருங்க."

மண்ணை அள்ளித் தள்ளக் குனிந்தவள் கை நின்றுவிட்டது. சுற்றிலும் நாலு நாளாக மழை. புல்லெல்லாம் ஈரம், அவள் கால் விரல்கள் விறைத்துக் கிடந்தன. குழிக்குள் மண் மட்டும் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கை மாதிரி. அவசர அவசரமாக மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஆனாலும் மறுநாள் காலை மனசு லேசாக இருந்தது. விரல்களில் வாடை இல்லை. தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தாள். பதினொரு மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனபோது பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்கவைத்தாகிவிட்டது. நிலக்ஷி குடையோடு வாசலில் நின்றாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க பெரியம்மா. பன்னெண்டுக்கும் இருமல். டிஸ்பென்சரியில மருந்து எடுத்துட்டு ஓடி வந்துர்றேன். செத்த பாத்துக்குங்க."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். ஒரே மாதிரி."

அவள் போய்விட்டாள். மழை தகரத்தில் பிடித்துக்கொண்டது. நீளமான காம்பரா, இரண்டு பக்கமும் ஆறு ஆறாகச் சின்ன மரக்கட்டில்கள், கோடியில் அடுப்பும் கேத்தலும். பால்மாவின் வாசனை, மூத்திரத் துணியின் வாசனை. அவளுக்குப் பிடித்த வாசனைகள். அவற்றுக்கு அடியில், மெல்ல, தைலம். பிறகு பீடி.

திலக்ஷனின் கட்டிலருகே உட்கார்ந்தாள். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கினான். தொப்பியின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. நெற்றியோடு இறுகியிருந்தது. உச்சியில் நூலின் நுனி நீட்டிக்கொண்டு நின்றது. அவளுக்குத் தெரிந்த முடிச்சு, அவளே போட்டது. அவிழ்த்து இழுத்தாள். நூல் வந்தது. இழுத்தாள். வந்தது. ஒரு முழம், பத்து முழம், மடி நிறைய. தொப்பி அப்படியே இருந்தது. ஒரு பின்னல் கண்கூடக் குறையவில்லை. வியர்வை கண்ணில் இறங்க இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மடியில் கோவா அளவு நூல்.

அதில் மண் ஒட்டியிருந்தது.

காய்ந்த மண்.

பிள்ளை இருமினான். மூன்று. இழுப்பு. ம்ம்.

அடுத்த கட்டிலில் மூன்று. இழுப்பு. ம்ம்.

அதற்கடுத்த கட்டில். எதிர்வரிசை. வாசலருகே இருந்த நான்கு வயதுப் பெண்பிள்ளை. ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்கியது. ஒரே நெஞ்சு. பன்னிரண்டு கட்டில்.

பிறகு நின்றது. மழையும் நின்றது. அவளுக்கு எழுந்து ஓட வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? தூக்கிக்கொண்டு ஓடினால் எதைத் தூக்குவாள்?

போர்வைக்கு அடியிலிருந்து திலக்ஷனின் கை வெளியே வந்தது. குட்டிக் கை. மற்ற விரல்கள் மடங்கின. மோதிர விரல் மட்டும் நீண்டது. அதில் மோதிரம் இல்லை.

டொக், டொக்.

செம்பு, பலகையில்.

அடுத்த கட்டில். டொக், டொக். அடுத்தது. அடுத்தது. வாசல் வரை போய், எதிர்வரிசையில் திரும்பி, கோடி வரை. அதன் பிறகு பன்னிரண்டு உள்ளங்கைகள் விரிந்தன. காத்திருந்தன.

அவள் எழுந்தாள். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் தானாக அடுப்புக்குப் போயிற்று. கை தானாகக் கேத்தலைத் தூக்கியது. தேயிலைச் சாயம், சீனி, ஒரு கிளாஸ். மூன்று வருஷப் பழக்கம். ஆவி முகத்தில் பட்டது.

முதுகுக்குப் பின்னால், இன்னும் அம்மா என்று சொல்லத் தெரியாத வாய் பேசியது. கனத்த குரல். கோபமில்லை. வெறும் விசாரிப்பு.

"அன்னைக்கு நீ மட்டும் சூடா குடிச்சியா ராணி?"

வெளியே ரோட்டு வளைவில் சிரிப்புச் சத்தம். மதியத்துக்குப் பால் கொடுக்கத் தாய்மார் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய ஈரப் படங்குகள் உரசும் ஓசை. பூரணியின் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது.

"அத்த, எம்புள்ள எந்திரிச்சிட்டானா?"

ஜீவராணி கிளாஸோடு திரும்பினாள். இரண்டு வரிசையிலும் விரித்த கைகள் அப்படியே கிடக்க, பன்னிரண்டு தொப்பிகளும் மெதுவாக வாசல் பக்கம் திரும்பின.