இருட்டறையில் இரண்டு பதில்

ரயில்வே ஆஸ்பத்திரி வாசலில் நிர்மலா இறங்கியபோது மணி பத்துகூட ஆகவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் பினாயில் நெடிக்கு அடியிலிருந்து பழைய ஈர வாடை ஒன்று மூக்கில் ஏறியது.

காக்கிச் சட்டைக்காரர் அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"உதவி லோகோ பைலட்டா? ரயில் ஓட்டுற வேலைக்கா? எந்த ஊரும்மா?"

"வடக்கனந்தல்ங்க. கள்ளக்குறிச்சி பக்கம்."

"ரத்தம், நெஞ்சு, காது எல்லாம் பாப்பாங்க. கண்ணு கடைசி. பாதிப் பேரு அங்கதான் திரும்பிப் போறாங்க."

அது அவளுக்குத் தெரியும். அப்படித் திரும்பி வந்த ஒருவன் அவள் வீட்டிலேயே இருந்தான்.

அண்ணன் பகலவன். ஐடிஐ முடித்துவிட்டு, விடிகாலையில் அப்பாவோடு கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டப் போவான். மிச்ச நேரமெல்லாம் படிப்பான். நான்கு வருஷம். கம்ப்யூட்டரில் இரண்டு பரீட்சை, கை கண் வேகம் பார்க்கும் சோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று எல்லாவற்றையும் தாண்டினான். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கடைசியில் மருத்துவச் சோதனையில்தான் தெரிந்தது, அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று என்பது. இருபத்தாறு வயதுவரை அது அவனுக்கே தெரியாது. கரும்பு வெட்டுகிறவனிடம் யார் நிறம் கேட்கப் போகிறார்கள்?

மேல்முறையீட்டிலும் அதே பதில்தான் வந்தது. அதன் பிறகு தினமும் பஸ் ஏறிச் சின்னசேலம் போய், தண்டவாளத்தின் ஓரமாக நின்று சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்துப் பாத்துப் பழகிக்கினா வந்துடும் பாப்பா" என்பான்.

ஒரு மாதம் அப்படிப் பழகினான். ஒரு நாள் மத்தியானம், சிக்னலைப் பார்த்தபடியே நின்றவனுக்குப் பின்னால் வந்த ரயில் தெரியவில்லை.

அவன் புத்தகங்களை நிர்மலா கையில் எடுத்தபோது அம்மா இருசம்மாள் தடுத்தாள். "அந்த வேல எம்புள்ளயத் தின்னுட்ச்சி. நீயும் போவணுமாடி?"

"நாலு வருசம் படிச்சான்மா. அதெல்லாம் வீணாப் போவட்டுமா?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நிர்மலா சோதனைக்குக் கிளம்பிய அன்று வாசலுக்கும் வரவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குக் கண் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலே இல்லாத அறை. ஒரு நாற்காலி, எதிரே தூரத்தில் ஊசித்துளை வைத்த விளக்குப் பெட்டி. வயதான பெண் டாக்டர் கதவைச் சாத்தினார்.

"இருட்டு பழகட்டும். வெளிச்சம் தெரிஞ்சதும் நிறத்த மட்டும் சொல்லு."

விளக்கு அணைந்தது. உள்ளங்கையைக் கண்ணருகே கொண்டுவந்தாள். தெரியவில்லை.

கரிந்த கரும்புச் சோகையின் வாடை வந்தது. வயலிலிருந்து திரும்பும் அண்ணன் மேல் அடிக்கும் அதே வாடை.

தூரத்தில் ஒரு புள்ளி எரிந்தது.

"சிவப்பு" என்றாள்.

"பச்சை."

அவள் இடது காதை ஒட்டி, மெல்ல, அண்ணனின் குரல்.

"ஏதாவது ஒண்ணு சொல்லும்மா" என்றார் டாக்டர்.

"சிவப்பு, மேடம்."

அடுத்த புள்ளி.

"பச்சை" என்றாள்.

"சிவப்பு... இல்ல, இருங்க மேடம்."

நிர்மலா குரல் வந்த பக்கம் திரும்பினாள். தன்னைத் தோற்கடிக்க வந்திருக்கிறானா? இந்த வேலை வேண்டாம் என்று தடுக்கிறானா? மூன்றாவது புள்ளிக்கு அவன் பதில் சொல்லத் தாமதித்தான். அந்தத் தயக்கத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

அவன் அவளிடம் பேசவே இல்லை.

அவன் இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான்.

"போதும்ணா" என்று முணுமுணுத்தாள். "வூட்டுக்குப் போ."

"ஒரே ஒரு தடவ, பாப்பா. இப்ப வந்துடும்."

புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் சரியான நிறத்தைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அண்ணனைத் தன் கையாலேயே வெளியே தள்ளுவது போலிருந்தது. கடைசிப் புள்ளிக்குப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. விசும்பல் மட்டும் கேட்டது.

விளக்கு எரிந்தது. அறையில் அந்த ஒரே நாற்காலிதான்.

டாக்டர் அவளைப் பார்க்காமல் 'தகுதி' என்று எழுதினார். காகிதத்தை நீட்டியபோது, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் குரல் இங்க வந்து அழுதிருக்கு" என்றார். "யாரு அது?"

"எங்க அண்ணன்ங்க."

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வேலை கிடைத்தது. பயிற்சிக் காலம் முழுக்கத் தொந்தரவு ஏதும் இல்லை. அழுது தீர்த்துவிட்டுப் போய்விட்டான் என்று அவள் நம்பினாள். சில நாள் அதற்காகவே அழுதாள்.

முதல் சரக்கு ரயில். வெயில் சாயும் நேரம். லோகோ பைலட் வீரமணி, பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருப்பவர், நிதானமான மனிதர். சிக்னல் தெரிந்ததும் ஒருவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் இன்ஜினில் சட்டம்.

வலது பக்கம் ஒரு வளைவு. அங்கே வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் உதவியாளருக்குத்தான், அதாவது அவளுக்குத்தான், சிக்னல் முதலில் தெரியும்.

"சிவப்பு" என்றாள்.

"பச்சை" என்று திருப்பிச் சொன்னார் வீரமணி. அவர் கை பிரேக் பக்கம் போகவில்லை.

"சார், சிவப்புன்னு சொன்னேன்."

"இன்னாம்மா நீ? பச்சைன்னுதான சொன்ன. உன் குரல்தான."

அவள் பாய்ந்து தன் பக்கத்து அவசர பிரேக்கை இழுத்தாள். சக்கரங்கள் அலறின. சிவப்பு விளக்குக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

வீரமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிக்னலை எட்டிப் பார்த்தார். அதற்குள் சிக்னல் மாறியது. பக்கவாட்டு வெயில் கண்ணாடியில் பட்டு அவருக்குக் கண் கூசியது.

"எனக்குச் சரியாத் தெரியலம்மா" என்றார். "நீ பாத்துச் சொல்லு."

தான் வாய் திறந்தால் அண்ணனும் திறப்பான் என்று நிர்மலா உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

ஆனாலும் இன்ஜினுக்குள் அவள் குரல் தெளிவாகப் பதில் சொன்னது.