ஆம் போடாத சொல்

தூத்துக்குடியில் காலையிலேயே நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்து நின்ற ஒருவர் கைப்பேசியில், "இங்க மழை பெய்யுதாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் இசக்கிராஜ் சிரித்திருப்பான். இன்று பத்து மணிக்கு அவனுக்கு, சொல் வழக்குகளை விசாரிக்கும் சொல்லவையில் விசாரணை.

முதலீட்டாளர்களின் இணைய மன்றம் வழக்கம்போல் அவன் கைப்பேசித் திரையில் ஓடியது. உப்பு விலை ஏறுமாம். கப்பல் நிறுவனம் ஒன்று கைமாறுகிறதாம். எவனோ எழுதிய புளுகை நம்பிப் பங்கு வாங்கிப் பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தபிறகு போட்டதுதான் இந்த 'ஆம்' சட்டம். 'ஆம்' போட்டால் கேள்விச்சொல். காதில் விழுந்ததைச் சொன்னேன் என்று கையை உதறிக்கொள்ளலாம். போடாவிட்டால் நேர்ச்சொல், அது தவறாகிப் போனால் அதை முதலில் நேராகச் சொன்னவர் கம்பி எண்ண வேண்டியதுதான். இருபது வருடத்தில் சனங்கள் உஷாராகிவிட்டார்கள். மன்றத்தில் தொடங்கிய 'ஆம்' கடைத்தெருவுக்கு வந்து, கல்யாண வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. எனக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம் என்று மாப்பிள்ளையே சொல்கிறான்.

இசக்கிராஜின் வீட்டில் மட்டும் அது கிடையாது. செருப்பையும் 'ஆம்' என்பதையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது மனைவி பேச்சிக்கனியின் கட்டளை.

அவள் கடல்நீரைக் குடிநீராக்கும் நெய்தற்சுனை நிறுவனத்தில், ஒப்பந்தப் பிரிவில் இருந்தாள். போன மாதம் சோறு போடும்போது, "தீவுக்குத் தண்ணி கொடுக்குற ஒப்பந்தம் எங்களுக்குக் கெடச்சிருச்சு" என்றாள். அவனிடம் அந்த நிறுவனத்தின் பங்குகள் இருந்தன. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. 'ஆம்' போட்ட எதையும் இப்போது யாரும் நம்புவதில்லை. ஒரு தடவையாவது ஊர் தன்னை நம்ப வேண்டும். 'ஒப்பந்தம் கிடைத்துவிட்டது' என்று மன்றத்தில் நேர்ச்சொல்லாகவே எழுதினான். ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். மறுநாளே தீவுத் தரப்பு கையெழுத்துப் போடாமல் விலகிக்கொண்டது; பங்கு விலை சரிந்தது.

விசாரணை அலுவலர் தாட்சாயணியின் மேசையில் சொல்லாய்வி என்ற கருவி பச்சை விளக்குடன் காத்திருந்தது. அதற்குப் பொய் மெய் எதுவும் தெரியாது. சொல்லின் வாலை மட்டும் பார்க்கும்.

"ஒரே கேள்விதான் சார். உங்க மனைவி இதை எப்படிச் சொன்னாங்க? கிடைச்சிருச்சுன்னா, கிடைச்சிருச்சாம்னா?"

"எப்படிச் சொன்னா என்ன மேடம்?"

"நேரா சொல்லியிருந்தா, அவங்க நிறுவனத்து ரகசியத்தை வெளியே விட்டதா ஆகும். ஏழு வருஷம். நீங்க நம்பி எழுதினவர், வீட்டுக்குப் போகலாம். ஆம் போட்டுச் சொல்லியிருந்தா அது வெறும் வதந்தி, அவங்களுக்கு எச்சரிக்கையோட முடிஞ்சிரும். வதந்தியை நேர்ச்சொல்லாத் திரிச்ச உங்களுக்கு ரெண்டு வருஷம்."

இசக்கிராஜின் மகளுக்கு வயது மூன்று. பக்கத்தில் பேச்சிக்கனி சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், நாந்தான்..." என்று அவள் வாயெடுத்தாள். மேசைக்கடியில் அவள் காலை அவன் அழுத்தி மிதித்தான்.

"கெடச்சிருச்சாம்னுதான் சொன்னா மேடம். நாந்தான் ஆசைப்பட்டு மாத்தி எழுதிட்டேன்."

"நீங்க சொல்லுங்கம்மா. அப்படித்தான் சொன்னீங்களா?"

பேச்சிக்கனி ஆமோதித்துத் தலையை ஆட்டினாள். வாக்குமூலம் பதிவானதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு சிவந்தது. தாட்சாயணி தீர்ப்பை வாசித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வண்டி வரும்வரை பேசிக்கொள்ளக் காவலர் பத்து நிமிடம் கொடுத்தார். நடைபாதையின் கூரையில் பேசுவதைப் பதியும் ஒலிவாங்கிகள் வரிசையாகத் தொங்கின. அவள் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"ரெண்டு வருஷந்தானாம்" என்றாள். "கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிருமாம். பாப்பாவ நான் பாத்துக்கிடுவேனாம்."

தீர்ப்பைக் கேட்டபோதுகூட அவனுக்கு அப்படி வலிக்கவில்லை. கல்யாணமான ஏழு வருடத்தில் அவள் வாயிலிருந்து அவனிடம் வந்த முதல் 'ஆம்' அது. இனி அவள் நேராகப் பேச மாட்டாள். நேராகப் பேசியதால்தானே இவ்வளவும் வந்தது.

"எங்கிட்ட எதுக்கு பேச்சி அது?" அவன் அவள் கையைப் பிடித்தான். "ஒண்ணே ஒண்ணு நேரா சொல்லு. எனக்காகக் காத்திருப்பியா?"

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பயமா இருக்குங்க" என்றாள், 'ஆம்' போடாமல்.